சொந்தப் பிள்ளைக்குப் பூசாத கை

“எனக்கு சாமி மேல நம்பிக்கை இல்ல. எப்பவும் இருந்ததில்ல” என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் காற்று இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். முந்தின நாள் பூசையில் வைத்த குங்குமம் வியர்வையில் இறங்கி அவர் மூக்குத் தண்டு வரை வந்திருந்தது. என் கை தன்பாட்டுக்கு அலசிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்த்தால் அவ்வளவு நேரமும் ஒரே மீனையே அலசியிருக்கிறேன். தோல் உரிந்து வெள்ளையாகக் கிடந்தது.

அதற்குச் சற்று முன்னால்தான் எங்கள் மகள் போன் பண்ணியிருந்தாள். எங்களுக்கு ஒரே பெண். கிளியனூர்ப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட வேண்டும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். அவள் லேசில் பயப்படுகிறவள் அல்ல. டிராக்டர் ஓட்டுவாள், பாம்பைக் கண்டால் தானே கம்பு எடுப்பாள். அன்றைக்குப் பேசும்போது நடுநடுவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“யம்மா, மொத நாளே நான் அங்க வந்துடறேன். காலைல அங்கருந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அப்பாவ எனக்குத் துண்ணூறு வெக்கச் சொல்லு. நீ வெக்கக் கூடாது. இந்தத் தடவ அப்பா கைதான் வேணும்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் போனை வைத்த பிறகு, கால் விரல் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றைக் கொஞ்ச நேரம் சுரண்டினார். அதற்குப் பிறகுதான் அப்படிச் சொன்னார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மரக்காணம் உப்பளத்தில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் பூசை போடுகிறவரே அவர்தான். பரம்பரைப் பூசாரி இல்லை, எங்களைப் போலக் கூலிக்கு உப்பு வாருகிறவர்தான். தை மாசியில் பாத்தியில் இறங்கிச் சேற்றை மிதித்துத் தரையை இறுக்கி, தண்ணீர் விட்டு, வெயிலில் முதல் உப்பு விளைந்ததும் அதை நாங்கள் மூட்டைக்கு எடுக்க மாட்டோம். வரப்பு முனையில் முழங்கால் உயரத்துக்குக் குவிப்போம். ஒரு பெண்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோலத் தட்டித் தட்டி உருவம் பண்ணி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகுவோம். உப்பாத்தா என்று பெயர். ஐப்பசி மழை வந்து கரைக்கிற வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மழை வேண்டாம்.

நான் பிறந்தது கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற விவசாய ஊரில்தான். மழை கேட்டுச் சாமி கும்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். கல்யாணமாகி வந்த வருஷம், “மழைய வுட்டுடாத தாயே, தள்ளி வெய்யி” என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கப்பா வயலில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. மகளை அந்தப் பக்கமே கட்டிக்கொடுத்த பிறகு இவர் அவளிடம் விளையாட்டாகச் சொல்லுவார்: “நீ அங்க மழை வேணும்னு கேளு, நான் இங்க வேணாம்னு கேக்கறேன். பாவம் அது யாரு பேச்சத்தான் கேக்கும்?” அவள் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அதற்குள் என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

பூசை முடிந்ததும் தட்டில் இருக்கிற திருநீறு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். வருஷம் பூராவும் யாராவது வருவார்கள். பிள்ளைக்கு ஜுரம், பயந்துகொண்டது, பரீட்சை, பெண் பார்க்கப் போவது. இவர் கண்ணை மூடுவார், உதடு அசையும், பிறகு கட்டை விரலால் இழுத்து வைப்பார். வைத்துவிட்டு, “அம்மா உத்தரவு, நேரா டாக்டர்கிட்ட கூட்டினு போ” என்பார். ஜுரத்தோடு வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“வெளையாடறீங்களா?”

“இல்ல.”

“நேத்துதான பூச போட்டீங்க.”

“போட்டேன்.”

“கண்ண மூடிக்கினு வாய்க்குள்ள சொன்னீங்களே. என்னா சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. ஒதட்ட ஆட்டுவேன். சில வருஷம் பாத்திய எண்ணுவேன். எண்ணி முடிச்சதும் கண்ணத் தொறப்பேன்.”

அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் எத்தனை பேர் கை கூப்பி நிற்பார்கள். நான் முன் வரிசையில் நிற்பேன்.

“அப்ப ஏன் போட்டீங்க, இத்தினி வருஷமா?”

“முன்ன போட்டுனு இருந்த பெரியவருக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. மேஸ்திரி என்னக் கூப்ட்டாரு. அத்தினி பேரு முன்னாடி மாட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துது. அடுத்த வருஷமும் கூப்ட்டாங்க. யாராவது ஒருத்தன் நின்னுதான ஆவணும்.”

“சாமி இல்லன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு இன்னா தெரியும். இல்லன்னு நான் யாருகிட்டயும் சண்டைக்குப் போனேனா? நீ தாயேன்னு கூப்ட்டா ஒனக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்குது. ஒம் மூஞ்சப் பாத்தாலே தெரியும். நான் கூப்ட்டா யாரும் இருக்கற மாதிரி இல்ல. சின்ன வயசுலயே இல்ல. அவ்ளோதான்.”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மறுபடியும் சொன்னார்:

“ஊருக்கு வெச்சேன். அதுங்களுக்கு ஒரு தெம்பு. சொந்தப் புள்ளைக்கு வெறுங்கைய வெச்சி எப்பிடி ஏமாத்தறது? அதான் அவளுக்கு எப்பவும் ஒன்ன வெக்கச் சொல்லுவேன்.”

அவர் வெளியே போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜுரம் வந்தால், அம்மை போட்டால், இவர் தட்டை எடுத்து என்னிடம் நீட்டுவார். “ஒங் கையால வெச்சி வுடு” என்பார். பூசை போடுகிறவர் சொந்தப் பிள்ளைக்குப் பூசக் கூடாது, அப்படி ஒரு முறை இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை. அந்தக் காலத்தில் கேட்கிற வழக்கமும் எனக்கு இல்லை. நான்கு பெண்கள் கூடின இடத்தில் வாய் திறக்காத நான், இந்த ஒன்றை மட்டும் பாத்தியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது பக்கத்து உப்பளத்தில் பூசை போடுகிறவர்கூடத் தன் பேரப்பிள்ளைக்குப் பூச மாட்டேன் என்கிறார். முறையாம்.

உப்பளத்து வரப்பு மேலே பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே நண்டு வளை இருக்கும். தலையில் கூடையோடு போகும்போது திடீரென்று கால் முழங்கால் வரை உள்ளே போகும். விழுந்த வலியைவிட, இவ்வளவு நாள் இதன்மேல்தானே நடந்தோம் என்கிற திகில்தான் பெரிதாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை. அவர் தட்டில் போட்ட மீனை முள் எடுத்துச் சாப்பிட்டார். எந்த மாற்றமும் இல்லாத அதே மனிதர். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரலில் உப்பு தின்ற வெடிப்பு. எத்தனை நெற்றியில் பட்ட விரல்.

யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். என்னோடு உப்பு சுமக்கிறவள், கிறிஸ்தவப் பெண், என்னைவிட இளையவள். தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன்.

“ஏம்மா, ஒங்க ஃபாதருக்கே சாமி மேல நம்பிக்கை இல்லன்னு வெச்சுக்க. பூசைல அவரு குடுக்கற அப்பம் செல்லுமா?”

“இன்னா யக்கா, எங்க ஃபாதரப் பத்தி எதுனா கேள்விப்பட்டியா?”

“அய்ய, இல்ல. சும்மாதான் கேட்டேன்.”

“நீ சும்மா கேக்கற ஆளே இல்லையே.” என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “செல்லும். அது அவரு வூட்டு அப்பமா? அவரு கை வழியா வருது, அவ்ளோதான். குழாய் துருப்புடிச்சிருந்தா தண்ணி வராதா?”

நல்ல பதில்தான். அவளுக்குப் போதும். அவள் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். எனக்கு அந்தக் குழாயோடுதானே குடித்தனம்.

என் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். அவள் அந்தத் திருநீற்றை நம்பிக்கொண்டு வருகிறாள். அது நெற்றியில் இருந்தால் கத்திக்குப் பயப்பட மாட்டாள். இவர் வைக்க மாட்டேன் என்று நின்றால், ஏன் என்று அவள் கேட்பாள். இவர் ஒன்றை மறைத்தாலும் மறைப்பாரே தவிர, நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவர். ஆபரேஷனுக்குப் போகிற காலையில் அந்தப் பிள்ளைக்கு இதைத் தெரிய வைக்க வேண்டுமா? சரி, மறைத்துக்கொண்டு வைத்தாலும், ஒன்றுமில்லாத கையால் வைத்ததற்கு என்ன பலன்? இரண்டில் எது நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று அவரிடம் கெஞ்சினேன்.

“பாக்கலாம்” என்றார்.

மகள் வந்தாள். முகம் வற்றியிருந்தது. மருமகன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். நான் ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

“நான் வெக்கறேன்டி. பூச போடறவங்க சொந்தப் புள்ளைக்கு வெக்கக் கூடாது. தெரியுமில்ல?”

“அந்தச் சட்டம் யாரு போட்டது?”

போட்டது நான்தானே.

அவர் என் தோளைத் தொட்டு நகர்த்தினார். அவளைப் பார்த்துச் சொன்னார்: “நான் வெச்சா அதுல ஒண்ணும் இல்லம்மா.”

போச்சு என்று நினைத்தேன்.

“தெரியும்” என்றாள் அவள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

“எட்டாவது படிக்கும்போதே தெரியும். உப்பாத்தாகிட்ட நின்னு என்னா வேண்டிக்கினன்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டிக்கலன்னு சொன்ன. அம்மாகிட்ட சொல்லாத, பாவம், அது தாங்காதுன்னும் சொன்ன.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் முதலில் சொன்னபோதுகூட எனக்கு இப்படி இல்லை. இவ்வளவு வருஷமும் இந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அப்பனும் மகளும் எனக்குத் தெரியாமல் இதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், மருந்துப் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதுபோல.

“பின்ன ஏண்டி கேட்ட?” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“எனக்கு பயமா இருக்குதுப்பா. ஊருல இருக்கற புள்ளைங்க எல்லாத்துக்கும் வெச்ச. எனக்கு ஒரு தரங்கூட வெச்சதில்ல.”

சொல்லிவிட்டு நெற்றியில் விழுந்த ஈரமுடியை ஒதுக்கினாள்.

அவர் என் கையில் இருந்த தட்டிலிருந்து திருநீறு எடுத்தார். நான் அவர் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வைத்தார். எத்தனையோ வருஷம் வைத்துப் பழகின விரல், கோணலாகப் போனது. பாதி அவள் மூக்கில் கொட்டியது, கண்ணிலும் விழுந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “ஊருக்கு மட்டும் நேரா வெப்ப” என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பச்சைத் துணி கொடுத்தார்கள். வளையல், கம்மல், தாலி எல்லாம் கழற்றி மருமகனிடம் கொடுக்கச் சொன்னார்கள். அதுவரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரு நர்ஸ் பெண் பஞ்சை மருந்தில் நனைத்து, மகளின் நெற்றியைத் துடைத்தாள்.

நான் எழுந்தே விட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். வெளியாளைத் தொட்டுப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“அது இருக்கட்டும்மா” என்றேன்.

“பாட்டி, உள்ள இதெல்லாம் கூடாது. பொட்டு, பவுடர் எல்லாருக்கும்தான் தொடைக்கறோம். நீங்க உக்காருங்க.” நல்ல பெண். கோபப்படவில்லை.

மகள் படுத்தபடியே என்னைப் பார்த்து, வுடும்மா என்பதுபோலத் தலையசைத்தாள். நெற்றி மொட்டையாக இருந்தது. அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பஞ்சு கீழே குப்பைக் கூடை விளிம்பில் கிடந்தது. யாரும் பார்க்காதபோது எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அதில் சாமி இருக்கிறது என்று எடுத்தேனா, அவர் கை பட்டது என்று எடுத்தேனா, இப்போதும் தெரியவில்லை.

மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே கதவு. அதில் சிவப்பு விளக்கு. அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு ஆட்டம் நான் பார்த்ததில்லை. உப்பு மூட்டை ஏற்றும்போதுகூட ஆடாத கால்.

“இந்தா” என்று மெதுவாகக் கூப்பிட்டார். “நீ கூப்டு. ஒனக்குத்தான் அந்தப் பக்கம் ஆளு இருக்குது.”

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதுபோலக் கேட்டார்.

நான் கண்ணை மூடினேன். “தாயே” என்றேன், மனசுக்குள்.

யாரும் இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். மஞ்சள் பூசின உப்பாத்தாவை நினைத்தேன், வேப்பிலை நினைவுக்கு வந்தது, குங்குமம் வந்தது, அவள் வரவில்லை. எங்கள் ஊர் அம்மனைக் கூப்பிட்டேன். மாதாவைக்கூடக் கூப்பிட்டேன். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் வரும் சத்தம் தனியாகத் தெரியும். அந்தச் சத்தம்தான் வந்தது. சின்ன வயசிலிருந்து இந்தக் கதவு எனக்குத் திறந்தே இருந்தது. அது அடைக்கிற கதவு என்பதே எனக்குத் தெரியாது. இவர் இத்தனை வருஷமும் இப்படியா நின்றுகொண்டிருந்தார்? இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டா அத்தனை பிள்ளைகளின் நெற்றியிலும் கை வைத்தார்?

கண்ணைத் திறக்க பயமாக இருந்தது. திறந்தால் அவர் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தாலே தெரியும் என்று அவர் சொல்லியிருக்கிறாரே. அதனால் கண்ணை மூடியபடியே உதட்டை ஆட்டினேன். எண்ணுவதற்குப் பாத்தி இல்லை. வரும்போது பார்த்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் சொன்னேன். பெயர்கள் தீர்ந்ததும் கண்ணைத் திறந்தேன்.

“கூப்ட்டியா?”

“ம்.”

“என்னா சொல்றா?”

அவர் கேட்ட விதம், ஜுரத்தில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்களே, அவர்கள் கேட்பதுபோல இருந்தது.

“நல்லபடியா வந்துடுவாளாம்.”

அவர் தலையை ஆட்டினார். கால் ஆடுவது நின்றது. முதுகைச் சுவரில் சாய்த்தார். தோள் இறங்கியது. என் வீட்டுக்காரர் அதை நம்பிவிட்டார். நான் அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாமி மேல் நம்பிக்கை இல்லை என்று அவர் சொன்னதைக்கூட எப்படியோ தாங்கிவிட்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

மகள் நன்றாக வந்துவிட்டாள். கட்டியில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். “ஒங்க அம்மாதான் வேண்டிக்கின்னா” என்று இவர் அவளிடம் சொன்னார். அவள் மயக்கம் தெளியாத கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் போர்வையைச் சரி பண்ணினேன்.

அவள் இப்போது மறுபடி டிராக்டர் ஏறிவிட்டாள். அந்தப் பஞ்சு என் தகரப் பெட்டியில் இருக்கிறது. நான் கூப்பிட்டால் சில நாள் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. சில நாள் இல்லை. பெஞ்சில் எனக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இந்த வருஷம் முதல் உப்பு விளைந்து, உப்பாத்தாவைப் பண்ணி மஞ்சள் பூசினோம். அவர் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பாத்தியை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். பின்னால் எல்லாரும் கை கூப்பி நின்றார்கள். அவர் எண்ணி முடிக்கும்வரை நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.